ஷுலினின் உயரம்

ஷுலின் கோடையிலும் செருப்புப் போட மாட்டான். ஜூலை மாத வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும்போது நாங்களெல்லாம் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, ரப்பர் செருப்பில் காலை ஆற்றிக்கொண்டு விருந்து மண்டபத்துக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அவன் மட்டும் கணுக்கால்வரை மூடிய கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு, லேஸைக்கூடத் தளர்த்தாமல், முகத்தில் வழியும் வியர்வையைத் துடைத்தபடி சூரியகாந்தி விதை கொறிப்பான். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெரிய மனுஷத்தனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தொழில் இதுதான். குடித்துவிட்டுக் காரை எடுக்கப் பயப்படுகிறவர் போனில் கூப்பிடுவார். மடக்கு மின்சைக்கிளில் அவரிடம் போவோம். சைக்கிளை மடக்கி, டிக்கியில் துணி விரித்து அதன்மேல் படுக்கவைப்போம். அவருடைய காரிலேயே அவரை வீட்டில் விட்டுவிட்டு, சைக்கிளை விரித்து அடுத்தவரைத் தேடிப் போவோம். சைக்கிள் சரியில்லை என்றால் தொழிலே இல்லை. கார் ஓட்ட யாருக்கும் வரும். ஒரு குடிகாரர் வீட்டிலிருந்து இன்னொரு குடிகாரர் இருக்கும் இடத்துக்கு ஓடுவதுதான் பாடு.

எங்கள் ஊரான தியான்ஜினில் முதல் கல்யாண விருந்து சாயங்காலம்தான். பகலில் பந்தி நடந்தால் அது இரண்டாம் கல்யாணம். இரண்டாம் கல்யாணத்தில் ஆட்கள் குறைவு, குடி அதிகம். அதனால் பகலிலும் எங்களுக்கு வேலை இருக்கும். ஷுலினுக்கும் பகல் கல்யாணத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் மனைவி விட்டுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மருந்துக் கடையில் வேலை செய்யும் ஹான் என்ற விதவையைத் தரகு அம்மாள் பார்த்து வைத்திருந்தாள். பையன் உயரம் நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள். நூற்று எழுபதுக்குக் கீழே இருக்கும் ஆண்பிள்ளையைப் பாதி ஊனம் என்று வாய் கூசாமல் சொல்கிற ஊர் இது. சொல்கிறவன் வாயில் போட வேண்டும், ஆனால் சொல்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரே பெண் ஃபான் ஜின்லிங். எங்கள் ஊரில் பதினெட்டு வயசுப் பெண்ணையும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், எண்பது வயசுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் ஃபான் அக்கா நிஜமாகவே அக்காதான். ஒருநாள் மழையில் எல்லோரும் தொப்பலாக நனைந்து வந்தோம். அவள் பழைய பேப்பரைச் சுருட்டி எல்லோருடைய ஷூவிலும் திணித்து, ஈரத்தை உறிஞ்ச வைத்தாள். ஷுலினுடைய ஷூவுக்குள் கைவிட்டபோது மூன்று விரல் உயரத்துக்கு ரப்பர் அட்டை வெளியே வந்தது. அவள் அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, மேலே பேப்பரைத் திணித்துவிட்டு அடுத்த ஷூவை எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஷுலினும் பார்த்தான். மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஃபான் அக்காவின் இடது முழங்கால் மோசம். அவள் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிள் அவளுக்கு உயரம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இருக்கையிலிருந்து குதித்து இறங்க வேண்டும், குதிக்கும்போதெல்லாம் முழங்கால் உயிரை எடுக்கும். இரண்டு முறை விழுந்தும் இருக்கிறாள். "இன்னொரு வண்டி இதே மாதிரி வாய்ச்சா நான் ஓட்டல்ல பாத்திரம் கழுவத்தான் போகணும். அங்கயும் நின்னுட்டே இருக்கணும், ஆனா விழுந்தா பக்கெட்லதான் விழுவேன்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் எல்லையில் இருந்த ஒரு சின்ன சைக்கிள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. எங்களைப் போன்ற டிரைவர்களுக்கென்றே புது மடக்கு வண்டி ஒன்று செய்கிறார்களாம். மொத்தமாகச் செய்ய அச்சு வெட்டுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்ல ஆட்கள் வேண்டுமாம். உயரமானவர் ஒருவர், நடுத்தரம் ஒருவர், குட்டை ஒருவர். உயரத்துக்கு நான். என்னைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், என் சொந்தப் பெயர் ஜியாங் பெய் என்பது என் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது. குட்டைக்கு ஃபான் அக்கா கையைத் தூக்கினாள். நடுத்தரத்துக்கு ஷுலின், "நான் நூத்தி எழுபத்திரண்டு" என்றான். மரத்தடியில் விதை கொறிக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி தொடங்கியது.

கம்பெனியில் எங்களைக் கவனித்தவர் எஞ்சினியர் ஷாங். தெற்கத்திக்காரர், மெதுவாகப் பேசுவார், ஃபான் அக்காவை 'மேடம்' என்று கூப்பிட்டு அவளுக்கு வெட்கத்தை வரவழைத்தார். முதலில் உடம்பை அளந்தார்கள். சுவரோடு நிற்கவைத்து, ஒரு பலகையைக் கால்களுக்கு நடுவே கொடுத்து மேலே இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தரை என்று டேப்பை ஓட்டினார்கள்.

"ஷூவைக் கழட்டிடுங்க" என்றார் ஷாங்.

நான் கழற்றினேன். ஃபான் அக்கா கழற்றினாள், காலுறையில் பெருவிரல் ஓட்டை இருந்ததால் அதைச் சுருட்டி உள்ளே மடித்துக்கொண்டாள். ஷுலின் முறை வந்தபோது அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எனக்குக் குதிகால்ல புண்ணு சார். ஷூவோட அளந்துக்கங்களேன்."

ஷாங் ஷூவைப் பார்த்தார். ஷுலின் முகத்தைப் பார்த்தார். "பரவாயில்ல" என்று சொல்லி மண்டியிட்டு அப்படியே அளந்தார். டேப்பை இரண்டு முறை ஓட்டினார். பிறகு எழுந்து, "நூத்தி எழுபத்திரண்டு. ரொம்ப சந்தோஷம்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிவிட்டேன்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. அதை மடக்கும் விதத்தைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. நடுவில் ஒரு கொண்டி, கைப்பிடித் தண்டில் ஒரு கொண்டி, பெடல் உள்ளே மடிந்துகொள்ளும். சின்னச் சக்கரம் இரண்டும் ஒன்றை ஒன்று காந்தத்தில் பிடித்துக்கொள்ளும், தூக்கும்போது விரிந்து காலில் இடிக்காது. முற்றத்தில் நாலு விதமான கார்களை நிறுத்தியிருந்தார்கள். சின்னக் காரின் டிக்கியிலும் கதவு மூடியது. மடக்கின வண்டியைத் தள்ளுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டும் போகலாம், லிஃப்ட்டில் தூக்கிச் சுமக்க வேண்டாம். நான் சொன்ன குறை ஒன்றுதான்: கைப்பிடியை மடக்கினால் பிரேக் கம்பி வெளியே துருத்துகிறது, வாடிக்கையாளர் காரில் கீறல் விழுந்தால் எங்கள் தலைதான் உருளும். ஷாங் உடனே ஒப்புக்கொண்டார்.

குறை வேறு இடத்தில் இருந்தது. பேட்டரியை இருக்கைத் தண்டுக்குள்ளேயே ஒளித்துவைத்திருந்தார்கள். வெளியே எதுவும் தெரியாது, பார்க்க அழகு. நீளமான பேட்டரி, ஒரு தடவை சார்ஜ் போட்டால் ராத்திரி முழுக்க ஓடும். ஆனால் பேட்டரி முட்டிக்கொண்டு நிற்பதால் இருக்கையை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, இன்னும் ஏற்றச் சொன்னேன். ஷுலின் ஏறி உட்கார்ந்தான். ஷூ நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நின்ற இடத்திலேயே வண்டி அவனோடு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்தது. ஃபான் அக்காவுக்குக் கால் எட்டவே இல்லை. முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டினாள், ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் குதித்தாள், குதிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள்.

பிறகு உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கேட்டார்கள். ஃபான் அக்கா நேராகச் சொன்னாள்.

"வண்டி தங்கமான வண்டி. ஆனா உசரம். நாலு விரல் இறக்கிக் கொடுத்தா நான் சாகுற வரைக்கும் இதையே ஓட்டுவேன்."

"இறக்கணும்னா பேட்டரியைக் குறைக்கணும் மேடம். ஓடுற தூரம் குறையும். விளம்பரத்துல தூரம்தான் முதல்ல போடப்போறோம்." ஷாங் ஷுலின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நடுத்தர உயரம் உள்ள ஆம்பளை நீங்கதான், பெரும்பாலான டிரைவருங்க உங்க அளவுதான். உங்களுக்குச் சிரமமா இருக்கா? இருந்தா நான் முதலாளிகிட்டப் பேச முடியும். இல்லேன்னா அச்சு இப்படியே போகும்."

அந்த அறையில் நடந்ததை நான் இத்தனை தடவை யோசித்துவிட்டேன், ஆனாலும் அது நீளமான நேரம் என்று தோன்றவில்லை. ஒரு மடக்குத் தேநீர் குடிக்கிற நேரம்தான். ஷுலின் மேசைக்கு அடியில் காலை நாற்காலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தையல்காரன் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு சார்."

ஃபான் அக்கா அவனைப் பார்த்தாள். ஷூவைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ரப்பர் அட்டையைத் தன் கையால் துடைத்து வைத்தவள் அவள். நான் அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன், நான் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை.

"அப்போ என் கால்தான் குட்டை போலிருக்கு" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். ஷாங் சிரிக்கவில்லை, பேனாவை மூடினார்.

திரும்பி வரும் வழியில் பான்கேக் வண்டி நின்றது. ஃபான் அக்கா எப்போதும்போல் பையிலிருந்து வீட்டு முட்டையை எடுத்துக் கொடுத்து, மூன்று பேருக்கும் சுடச் சொன்னாள். முட்டையை நாமே கொண்டுபோனால்தான் ஏமாற்ற மாட்டான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஷுலின் கையில் வாங்கினான், வாயில் வைக்கவில்லை.

"அக்கா, அது வந்து..."

"சாப்பிடு, ஆறிடும்" என்றாள். "அடுத்த மாசம் பொண்ணைப் பார்க்கணும்ல? அன்னைக்கு நீலச் சட்டை போடு. இந்தச் சட்டையில நீ வாழ்க்கையே வெறுத்த மாதிரி இருக்க."

அவள் அப்படிப் பேசினது அவனுக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். ரோட்டைக் கடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது கையில் பான்கேக் இல்லை. தெருநாய் ஒன்று அவனை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதை வைத்து அவனைக் கிண்டல் செய்தேன். எனக்கு எப்போதும் வாய் அதிகம், தேவையில்லாத இடத்தில்.

சில வாரத்தில் புது வண்டிகள் வந்தன. பழகிப் பார்க்கச் சொல்லி எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் பொறாமையில் வெந்தார்கள். ஃபான் அக்கா பழைய வண்டியை வைத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் அதன் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. "உசரத்துல உட்கார்ந்தா ஊரு நல்லாத் தெரியுது" என்று சொல்லிப் புது வண்டியில் ஏறினாள்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்துதான் மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தை ஒட்டிய சிக்னலில் முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. நான் காலை ஊன்றினேன். ஷுலின் நடைபாதை விளிம்பை ஷூ நுனியால் எட்டிப் பிடித்து நின்றான். ஃபான் அக்காவுக்குப் பிடிக்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. வலது காலை நீட்டினாள், தரை அங்கே இல்லை. வண்டியோடு சாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. "வண்டியை ஓரமா எடுங்க, யாராவது ஏத்திடப் போறாங்க" என்றாள்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கை பழையபடி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். வண்டியின் வேகப்பிடியை முறுக்குகிற கை அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷுலின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றபோது என்னிடம் கேட்டான்:

"கொக்கு, என்கூடக் கம்பெனிக்கு வர்றியா? தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

போனோம். ஷாங் தன் மேசையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷுலின் குனிந்து லேஸை அவிழ்த்தான். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. கடைசியில் காலாலேயே உதறிக் கழற்றினான். இரண்டு ரப்பர் அட்டையையும் எடுத்து மேசைமேல், நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நான் நூத்தி அறுபத்தாறு சார். அந்தக்கா சொன்னதுதான் சரி. எனக்கும் எட்டல."

ஷாங் சாப்பிடுவதை நிறுத்தினார். ஆச்சரியப்படவில்லை. சங்கடப்பட்டார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முழங்காலுக்குக் கீழ ஒரு ஆள், மேல ஒரு ஆள் மாதிரி அளவு வந்துச்சு. எங்க ஆளுங்க எல்லாருக்குமே தெரியும். உங்களை நாலு பேர் முன்னாடி எப்படிக் கேக்குறது? நீங்களே சிரமம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் உங்க பக்கம் திரும்பிக் கேட்டேன்." குரல் இன்னும் தணிந்தது. "நீங்க நல்லா இருக்குன்னு சொன்னது எங்களுக்கும் வசதியாப் போச்சு. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சண்டை போட வேண்டியிருக்கல."

ஷுலின் காலுறையோடு நின்றான். ஊரே தன்னை நூற்று எழுபத்திரண்டு என்று நம்புவதாக அவன் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். யாருமே நம்பவில்லை, எல்லோரும் சேர்ந்து அவனுக்காக நடித்திருக்கிறார்கள், அந்த நடிப்புக்கு ஒரு பெண் கை எலும்பைக் கொடுத்திருக்கிறாள். அது அவன் மண்டையில் இறங்குவதை நான் பார்த்தேன். யாருக்கும் அப்படி ஒரு நிலை வரக் கூடாது.

"இப்ப அளங்க" என்றான்.

"வேண்டாம், விடுங்க."

"அளங்க சார்."

சுவரோடு நிறுத்தி அளந்தார். நூற்று அறுபத்து நாலு. தன்னைத்தானேகூட அவன் இரண்டு சென்டிமீட்டர் ஏமாற்றி வைத்திருந்தான். அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றார் ஷாங். பேட்டரியைக் குட்டையாக்கி, தண்டையும் வெட்டி, இன்னொரு வகை கொண்டுவர முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பெண்கள் வண்டி என்று பெயர் வைத்தால்தான் சம்மதிப்பார்களாம். "அதுல ஒண்ணு எனக்கும்" என்றான் ஷுலின். வெளியே வந்ததும் தரகு அம்மாளுக்குப் போன் போட்டு உயரத்தைச் சொன்னான். அந்தம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு, "சரி, நான் நூத்தி அறுபத்தெட்டுன்னு சொல்லிக்கறேன், நீ வாயை மூடிட்டு இரு" என்றாள். "நூத்தி அறுபத்து நாலுன்னே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மறுநாள் ஃபான் அக்காவைப் பார்க்கப் போனோம். ஷுலின் ரப்பர் செருப்பில் வந்திருந்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது, யாரையோ கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். ஷூ, அளவு, ஷாங் சொன்னது, பெண்கள் வண்டி, ஒன்றுவிடாமல். சொல்லி முடித்து, "நான்தான் உன்னைத் தள்ளிவிட்டேன் அக்கா" என்று அழுதான்.

அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் சரிசெய்துகொண்டாள்.

"தெரியாம என்ன? நீயே சொல்லுவேன்னு அன்னைக்கு அந்த ரூம்ல காத்திட்டிருந்தேன். நான் சொல்லியிருந்தா உனக்கு அசிங்கம். நீ சொல்லியிருந்தா வெறும் உண்மை." மூச்சு விட்டாள். "எனக்குக் கோபம் இருக்கு ஷுலின். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன் நிலைமை எனக்குப் புரியுது. உனக்குப் பயம். பொண்ணு போயிடும்னு பயம். பயந்தவனை என்ன பண்றது?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு ஆரஞ்சை உரித்து அவள் இடது கையில் கொடுத்தான். அவள் ஒரு சுளை வாயில் போட்டாள். சரி, மோசமாக ஒன்றும் நடக்கவில்லை, மெல்லக் கிளம்பலாம் என்று நான் தொப்பியை எடுத்தேன். வழக்கம்போல ஒரு கிண்டலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பெண்கள் வண்டியைப் பற்றி.

"நீயும் அங்கதானே இருந்த?" என்றாள்.

என்னைத்தான் கேட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை.

"மழையில ஷூவை எடுத்தப்பவும் பக்கத்துல நின்ன. அந்த ரூம்லயும் பக்கத்துல உட்கார்ந்திருந்த. அவனுக்குக் கால் எட்டலன்னு உன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. வெளிய கூட்டிட்டுப் போய் அந்த எஞ்சினியர்கிட்ட மெதுவா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் தெரிஞ்சிருக்காது." அவள் குரல் ஏறவே இல்லை. "அவனாவது குட்டை. நீ நல்ல உசரமாச்சே. உனக்கு என்ன பயம்?"

நான் தொப்பியைத் திரும்பக் கீழே வைத்தேன். அந்த அறையில் எனக்கு எந்தப் பயமும் இருந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது.